பார்சல் போட்டால் போதுமா?

கேள்வி: சூடானில் உள்நாட்டுப் போரால் சனம் பட்டினி கிடக்கிறது. பணக்கார நாடுகள் உதவ வேண்டாமா? வானத்தில் இருந்து சாப்பாட்டுப் பார்சலாவது போடலாமே?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பார்சல் என்று எழுதிவிட்டீர்கள், அதுவும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு! காலி வீதிக் கடைகளில் சோத்துப் பார்சல் படும் பாட்டை இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத மாதம் இல்லை. லஞ்ச் ஷீட்டை விரித்து, சோற்றைக் குவித்து, பருப்பை ஓரமாக ஊற்றி, சம்பலைக் கண்ணில் காட்டி மடிக்கும் அந்தக் கைவேகம் மட்டும் குறையவில்லை. மீன் துண்டோ வருடத்துக்கு வருடம் வால் பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. 2022 நெருக்கடியில் அப்பளம் காணாமல் போனது. நாடு மீண்டுவிட்டதாம்; அப்பளம் மீளவில்லை. குழம்பைக் கட்டித் தரும் பொலித்தீன் பையின் முடிச்சு இருக்கிறதே, அதை அவிழ்த்த எவரும் சட்டை மாற்றாமல் சாப்பிட்டதில்லை.

சரி, உங்கள் பார்சலுக்கு வருவோம். வானத்துப் பார்சல் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. போரில் சிக்கிய யாழ்ப்பாணத்துக்கு இந்தியா படகுகளில் அனுப்பிய நிவாரணத்தை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. அப்புறம் 1987 ஜூன் 4ஆம் திகதி ஐந்து அன்டனோவ் விமானங்கள், காவலுக்கு மிராஜ் போர் விமானங்களோடு வந்து, யாழ்ப்பாணத்தின் மேல் ஏறக்குறைய 25 தொன் சாமான்களைப் போட்டன. ‘பூமாலை’ என்று பெயர். அத்தனை லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடி தேறாது. சாமான் யாழ்ப்பாணத்துக்கு, சத்தம் கொழும்புக்கு. அந்த ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம். பின்னாலேயே இந்திய இராணுவம். ஒக்டோபரில் அதே இராணுவத்தின் ஷெல்.

இதை நான் சொன்னால் பக்கத்து இதழ் ஆசிரியருக்குப் பொறுக்காது. 2011இல் லிபிய மக்களைக் காக்க நேட்டோ குண்டு போட்டபோது ‘மனிதநேயம் சிறகு விரித்தது’ என்று தலையங்கம் தீட்டியவர் அவர். கடாபி போன பிறகு அந்த நாடு இரண்டாகப் பிளந்து நின்றதற்கு இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. கேட்டால் இடப் பற்றாக்குறை என்பார். ராசிபலனுக்கு நான்கு பக்கம் இருக்கிறது.

அதற்காக உதவவே கூடாது என்பேனா? 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஆட்களைப் போர் நடந்த வன்னியை விட்டுப் போகச் சொன்னது இலங்கை அரசாங்கம். கிளிநொச்சியில் அவர்களின் அலுவலக வாசலில் சனம் திரண்டு மறித்தது. அரிசி கேட்டல்ல, போகாதீர்கள் என்று. வெளியார் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் ஷெல் அடிக்கிறவன் கொஞ்சமாவது யோசிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும். வாகனங்கள் போய்விட்டன. பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சூடானிலும் தட்டுப்பாடு பார்சலுக்கு அல்ல, பாதைக்கு. சாட் நாட்டில் இருந்து சூடானின் மேற்குப் பகுதியான டார்பூருக்குப் போகும் அட்ரே எல்லையை 2024 பெப்ரவரியில் சூடான் அரசு மூடியது. ஓகஸ்ட் தொடக்கத்தில் அங்குள்ள சம்சம் அகதி முகாமில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் பாதை திறந்தது. அத்தனை மாதமும் லொறிகள் இருந்தன, மா இருந்தது. எல்லையைத் திற என்று மேசையில் அடித்துச் சொல்லத்தான் பெரிய நாடுகளில் ஆள் இல்லை. பணக்கார நாடான ஐக்கிய அரபு இராச்சியம் அங்கே ஒரு தரப்புக்கு ஆயுதம் கொடுப்பதாகக் குற்றச்சாட்டு, அவர்கள் மறுக்கிறார்கள். ஆயுதம் எங்கிருந்தோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு எந்த எல்லையும் மூடவில்லை.

காசுதான் கொடுப்போம் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. தலைநகர் கார்ட்டூமில் ஊர் இளைஞர்களே பொதுச் சமையலறை நடத்திப் பசியாற்றினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் அவற்றில் நூற்றுக்கணக்கானவை மூடப்பட்டன. விமானம் வேண்டாம், பூமாலை வேண்டாம். அந்தப் பெடியளின் அடுப்புக்குக் காசு அனுப்பினால் போதும். பக்கத்து இதழ்க்காரர் இதற்கு மறுப்பு எழுதுவார். இடம் இருந்தால்.