தொடாமல் வைத்த கைப்பேசியில் சார்ஜ் எங்கே போகிறது?

பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தினமும் பேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசி, வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. விடியற்காலையில் 100 விழுக்காடு சார்ஜோடு கிளம்புகிறேன். வேலை இடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவேன். மதியம் எடுத்துப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. ஆப்களை எல்லாம் ஒவ்வொரு முறையும் மேலே தள்ளி மூடிவிட்டுத்தான் வைக்கிறேன். பேட்டரி சேவர் ஆப் ஒன்றும் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அவசரத்துக்குக் கூப்பிட்டால் கைப்பேசி உயிரோடு இருக்க வேண்டுமே. பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

சகோதரி, பேட்டரியை மாற்றுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தடயங்கள் உள்ளன. ஒன்று, திரை அணைந்திருக்கும்போது சார்ஜ் தீர்கிறது. இரண்டு, அது லாக்கருக்குள் தீர்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த மேலே தள்ளி மூடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலானோர் அதைத்தான் வைத்தியமாக நம்புகிறோம். சமீபத்தில் திறந்த ஆப்கள் வரிசையாகத் தெரியும் அந்தப் பட்டியல், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் பட்டியல் அல்ல. அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நினைவகத்தில் சும்மா உறைந்து கிடக்கின்றன, சார்ஜைத் தொடுவதில்லை. அவற்றைத் தள்ளி மூடினால், அடுத்த முறை திறக்கும்போது கைப்பேசி அந்த ஆப்பை முதலில் இருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் கூடுதல் சக்தி செலவாகிறது. 2016-இல் ஒரு வாடிக்கையாளர், ஐஃபோனில் ஆப்களை இப்படி மூடுவதால் பேட்டரிக்கு நன்மை உண்டா என்று கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இல்லை என்றுதான் பதில் எழுதினார். ஆண்ட்ராய்டு பிரிவைக் கவனித்துவந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே சமயத்தில் அதே கருத்தைச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. உண்மையிலேயே பின்னணியில் வேலை செய்யும் ஆப், நீங்கள் தள்ளி மூடியதோடு நின்றுவிடுவதில்லை. புதிய செய்தி வந்தாலோ, குறித்து வைத்த வேலைக்கு நேரம் வந்தாலோ அது மறுபடி எழுந்துகொள்ளும். ஆக, சும்மா இருப்பதை மூடுகிறோம், உழைப்பதை விட்டுவிடுகிறோம்.

பேட்டரி சேவர் ஆப்பை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். மற்ற ஆப்களைக் கண்காணிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதுவும் பின்னணியில் ஓடும், விளம்பரங்களையும் இறக்கும். ஆண்ட்ராய்டு 14-இல் இருந்து, இப்படிப்பட்ட ஒரு ஆப்பால் அடுத்த ஆப்பின் பின்னணி வேலையை நிறுத்தவே முடியாது, கூகுள் அந்த வழியை அடைத்துவிட்டது. கைப்பேசியின் செட்டிங்ஸிலேயே இருக்கும் பவர் சேவிங் வேறு விஷயம், அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சரி, யார் சார்ஜைத் தின்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதியம் லாக்கரில் இருந்து எடுத்தவுடன், வாட்ஸ்ஆப்பைத் திறப்பதற்கு முன்பே, செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்துக்குப் போங்கள். எந்த ஆப் எத்தனை விழுக்காடு எடுத்தது என்ற பட்டியல் இருக்கும். விழுக்காட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஆப்பின் பெயரைத் தொட்டால், திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று பெரும்பாலான கைப்பேசிகளில் தனித்தனியாகக் காட்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்த ஆப் பட்டியலில் மேலே இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திரையில் ஐந்து நிமிடம், பின்னணியில் மூன்று மணி நேரம் என்று ஒன்று இருந்தால், அதுதான் நாம் தேடும் ஆள். பஸ்ஸில் திரையை அணைத்துவிட்டு மின்னல் எஃப்எம் கேட்டிருந்தால் அந்த நேரமும் பின்னணியில்தான் சேரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் கூகுள் பிளே சர்வீசஸ் மேலே நின்றால் அதை முடக்க வேண்டாம். மற்ற ஆப்கள் இருப்பிடம் கேட்பதும், செய்தி அறிவிப்புகள் வந்து சேர்வதும் அதன் வழியாகத்தான் நடக்கிறது. யாரோ ஒருவர் வேலை வாங்குகிறார், கணக்கு அதன் பெயரில் எழுதப்படுகிறது. கேட்பவரைக் கண்டுபிடித்து அடக்கினால் அதுவும் தானாக இறங்கிவிடும்.

இப்போது லாக்கருக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் பாதிக்கு மேல் காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. இரும்புப் பெட்டிக்குள், கனமான சுவர்கள் சூழ்ந்த கட்டடத்துக்குள் லைன் சரியாகக் கிடைக்காது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடக் குரலை உயர்த்துவது போல, லைன் பலவீனமாக இருக்கும் இடத்தில் கைப்பேசி தன் அலைபரப்பும் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. லைன் அறவே விட்டுப்போனால் கோபுரத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகிறது. 5ஜி விட்டுவிட்டுக் கிடைக்கும் இடமாக இருந்தால் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும். இரண்டு சிம் போட்டிருந்தால் இந்தத் தேடல் இரண்டு இணைப்புக்கும் நடக்கும்.

பின்னணி ஆப்கள் இதனோடு சேரும்போதுதான் நிலைமை மோசமாகிறது. நல்ல லைன் உள்ள வீட்டில், ஒரு ஆப் தனக்கு வேண்டியதைச் சில நொடிகளில் இறக்கிவிட்டுத் தூங்கிவிடும். லாக்கருக்குள் அதே வேலை பாதியில் அறுந்துபோகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயல்கிறது, மறுபடி அறுகிறது. காலையில் எடுத்த படங்களை கூகுள் ஃபோட்டோஸ் மேலே ஏற்றப் பார்க்கும், குடும்பக் குழுவில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் வாட்ஸ்ஆப் இறக்கப் பார்க்கும். ஒவ்வொரு தோல்விக்கும் சார்ஜ் போகிறது. ஆகவே வீட்டில் ஒழுங்காக இருக்கும் ஆப்கூட வேலை இடத்தில் பட்டியலின் மேலே வரலாம்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. ஒரு நாள் லாக்கரில் வைக்கும்போது ஏரோபிளேன் மோட் போட்டு வையுங்கள். மதியம் சார்ஜ் அப்படியே இருந்தால் காரணம் லைனும், அதை நம்பி இயங்கும் ஆப்களும்தான். அப்போதும் கடகடவென்று இறங்கியிருந்தால், லைன் இல்லாமலும் ஏதோ ஒரு ஆப் உள்ளே ஓடுகிறது, அல்லது பேட்டரியே தளர்ந்துவிட்டது. எதுவென்று தெரிய, ஓர் இரவு சேஃப் மோடில் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் நீங்களாக இறக்கிய ஆப்கள் எதுவும் இயங்காது, அலாரத்துக்குத் தனி ஆப் வைத்திருந்தால் அதுவும்தான். சார்ஜ் இறங்குவது நின்றுவிட்டால் குற்றவாளி நீங்கள் இறக்கியவற்றில் ஒன்று. மறுபடி அணைத்து ஏற்றினால் கைப்பேசி பழைய நிலைக்கு வந்துவிடும்.

பிள்ளையை நினைத்து நீங்கள் கைப்பேசியை அணைக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டிய லாக்கருக்குள் அது அடித்தாலும் உங்களுக்குக் கேட்கப் போவதில்லை. தொழிற்சாலை அலுவலக எண்ணையும் உங்கள் சூப்பர்வைசர் எண்ணையும் அந்த அக்காவிடம் கொடுத்து வையுங்கள். அவசரத்துக்கு அதுதான் உங்களை வந்து சேரும் வழி. அதன் பிறகு, லாக்கரில் ஏரோபிளேன் மோடை நிம்மதியாகப் போடலாம். வாட்ஸ்ஆப் செய்திகள் எங்கும் போய்விடாது, அந்த மோடை அணைத்தவுடன் வந்து சேர்ந்துவிடும். அது வேண்டாம் என்றால், வேலை நேரத்தில் மட்டும் நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றி, இரண்டாவது சிம்மை அணைத்து, மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள். சாதாரண அழைப்புகளுக்கு வழி இருக்கும், ஆப்கள் அமைதியாகிவிடும்.

அடுத்து, பட்டியலில் மாட்டிய ஆப்பை அடக்கும் வழி. திரையில் அதன் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் ஆப் இன்ஃபோ வரும். அதற்குள் பேட்டரி என்ற இடத்தில் ரெஸ்ட்ரிக்டட் என்று வைத்துவிடுங்கள். சாம்சங் கைப்பேசியில் இதோடு பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் என்ற பக்கமும் உண்டு. அதில் ஸ்லீப்பிங் என்று போட்டால் ஆப் எப்போதாவது எழும். டீப் ஸ்லீப்பிங் என்று போட்டால் நீங்களாகத் திறக்கும்வரை எழவே எழாது. ஷாவ்மி கைப்பேசிகளில் ஆட்டோஸ்டார்ட் என்ற அனுமதியையும் பார்த்து, வேண்டாதவற்றுக்கு அணைக்க வேண்டும்.

ஷோப்பி, லசாடா போன்ற கடை ஆப்கள், சாப்பாடு வரவழைக்கும் ஆப்கள், விளையாட்டுகள், படம் திருத்தும் ஆப்கள் எல்லாவற்றையும் தயங்காமல் டீப் ஸ்லீப்பிங்கில் போடலாம். தள்ளுபடி அறிவிப்பு வராமல் போவதைத் தவிர வேறு இழப்பு இல்லை. டச் அண்ட் கோ இவாலட்டும் பணம் கட்டும்போது திறந்தால் போதும். ஃபேஸ்புக், டிக்டாக் போன்றவற்றுக்கு ஸ்லீப்பிங் போதும் என்பேன், ஆனால் பட்டியலில் தொடர்ந்து மேலே வந்தால் டீப்புக்கு மாற்றுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்பது இதைவிட முக்கியம். வாட்ஸ்ஆப்பை முடக்கினால் செய்தி தாமதமாகும், சில நேரம் அழைப்பே அடிக்காது. பேட்டரியை மிச்சம் பிடிக்க வாட்ஸ்ஆப்புக்குள்ளேயே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில், மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தினாலே நல்ல பலன் தெரியும். அலாரம், மருந்து நேரம் நினைவூட்டும் ஆப் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். வங்கி ஆப் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2022-இல் பேங்க் நெகாரா கேட்டுக்கொண்டபடி நம் வங்கிகள் எஸ்எம்எஸ்ஸில் ஒருமுறை எண் அனுப்புவதைக் கைவிட்டு, ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கும் முறைக்கு மாறின. மேபேங்கின் செக்யூர்டூயூ அப்படிப்பட்டது. அந்த ஆப் ஆழ்ந்து தூங்கினால் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு நேரத்துக்கு வராமல் போகலாம். உங்கள் கணக்கில் நடப்பதைச் சொல்லும் எச்சரிக்கையும் அப்படியே தாமதமாகலாம்.

இருப்பிட அனுமதியையும் ஒரு முறை அலசிப் பாருங்கள். வேஸ், கிராப், வானிலை ஆப்களுக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்ற அனுமதியே போதும். ஆண்ட்ராய்டு 10-இல் இருந்து இந்தத் தெரிவு இருக்கிறது. வேஸில் போய்ச் சேர்ந்த பிறகும் வழிகாட்டல் முடியாமல் நின்றிருந்தால் ஜிபிஎஸ் தொடர்ந்து ஓடும், காரைவிட்டு இறங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

சில நேரம் தவறு ஆப் செய்தவர்களுடையதாக இருக்கும். 2015 அக்டோபரில் ஐஃபோனில் ஃபேஸ்புக் ஆப் பின்னணியில் சார்ஜைக் கரைத்தபோது, வீடியோவைவிட்டு வெளியேறிய பிறகும் ஒலிப் பகுதி மூடாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தியது. அதனால், நேற்றுவரை ஒழுங்காக இருந்த ஆப் திடீரென்று மேலே வந்தால், முதலில் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. செட்டிங்ஸில் ஜெனரலுக்குள் பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ் என்ற இடத்தில், வேண்டாத ஆப்களை ஒவ்வொன்றாக அணைத்தால் போதும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயரில் ஒரு ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருமண அழைப்பிதழ், வீடு சுத்தம் செய்யும் சேவை என்று வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை நிறுவும் கோப்பை, இறக்கி, வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அப்படி எதையாவது இறக்கியிருந்தால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கைப்பேசியில் இருந்து உங்கள் வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் தாமதிக்காமல் சொல்லுங்கள். பேட்டரியை அப்புறம் பார்க்கலாம்.

எல்லா மாற்றங்களையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். லாக்கர் சோதனையில் தொடங்குங்கள், பிறகு மேலே நிற்கும் ஆப்களை ஓரிரு நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக அடக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் ஏரோபிளேன் மோடிலேயே சார்ஜ் வேகமாக இறங்கினால், அல்லது 30 விழுக்காட்டில் இருந்து திடீரென்று அணைந்துபோனால், பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாம்சங் என்றால், சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் உள்ள சோதனையே பேட்டரியின் நிலையைச் சொல்லும். நம் ஊர் வெயிலில் கார் கண்ணாடிக்கு அருகிலும் மோட்டார் சீட்டுக்கு அடியிலும் வைத்த கைப்பேசியின் பேட்டரி சீக்கிரம் தளரும். பின்மூடி கொஞ்சமாவது உப்பித் தெரிந்தால் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடுங்கள். மாற்றுவதானால் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் முதலில் விலை கேளுங்கள், பிறகு கொம்தார் பக்கத்துக் கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் படங்களை வேறிடத்தில் சேமித்து வைத்துவிட்டு, போடப்போகும் பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.