வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் எங்கே நிற்கிறது? – கேள்வி பதில்

கோலாலம்பூர் வங்கி ஒன்றின் அயல்நாட்டுப் பணமாற்றுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். வங்கிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் பணமாற்றுச் செய்திகள் 2023 மார்ச் முதல் ஐ.எஸ்.ஓ. 20022 என்னும் பன்னாட்டுச் செய்தித் தரத்துக்கு மாறத் தொடங்கின. பழைய வடிவமும் புதிய வடிவமும் சேர்ந்து இயங்கிய காலம் 2025 நவம்பர் 22 அன்று முடிந்தது. கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தை ஒட்டியே எழுந்திருக்கின்றன. கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ், கணக்காளர்: சுவிஃப்ட் முறையே மாறிவிட்டது என்று வங்கியில் சொன்னார்கள். அப்படியென்றால் பணம் போகும் வழியும் மாறிவிட்டதா, ஐயா?

வழி மாறவில்லை. சுவிஃப்ட் பணத்தைச் சுமந்து செல்வதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1973-இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடிப் பெல்ஜியத்தில் தொடங்கிய அந்த அமைப்பு, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்ற செய்தியைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கிறது. பணமோ வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில் பற்றாகவும் வரவாகவும் எழுதப்படுகிறது. ரிங்கிட் நாட்டுக்கு வெளியே புழங்க அனுமதியில்லாத நாணயம் என்பதால், நீங்கள் டிடி, அதாவது வங்கிவழி வெளிநாட்டுப் பணமாற்று, அனுப்பும்போது உங்கள் ரிங்கிட் இங்கேயே டாலராகவோ வேறு நாணயமாகவோ மாற்றப்படுகிறது. அது டாலர் என்றால், பெரும்பாலும் நியூயார்க்கில் உள்ள ஏதோ ஒரு தொடர்பு வங்கியின் கணக்கு வழியாகத்தான் போய்ச் சேரும்.

மாறியது செய்தியின் அமைப்பு. எம்.டி. 103 என்ற பழைய செய்தியில், பணம் பெறுபவரின் கணக்கு எண்ணுக்குக் கீழே, வரிக்கு 35 எழுத்தாக நான்கே வரிகள் இருந்தன. பெயரும் முகவரியும் அதற்குள் அடங்கியாக வேண்டும். இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பேக்ஸ் 008 செய்தியில் பெயருக்கு மட்டுமே 140 எழுத்து. தெரு, அஞ்சல் குறியீடு, நகரம், நாடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். வங்கிகளுக்கிடையே பெருந்தொகைகளைத் தீர்க்கும் அமைப்புகளில், ஐரோப்பிய மைய வங்கிகளின் டி2 2023 மார்ச்சிலும், அமெரிக்காவின் ஃபெட்வயர் 2025 ஜூலை 14-இலும் இதே தரத்துக்கு வந்தன. இந்தியாவின் ஆர்.டி.ஜி.எஸ். 2013-இலேயே வந்துவிட்டது. நாம் கடைகளில் அன்றாடம் பயன்படுத்தும் டூயிட் நாவ் சேவையின் அடித்தளமும் இதே தரம்தான்.

ஜார்ஜ் டவுன், ஜவுளி வணிகர்: என் கடை ஜாலான் பர்மாவில் இருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பும் பணம் வழியில் நிறுத்தப்பட்டு, பர்மாவுடன் எனக்கு என்ன தொடர்பு என்று விளக்கம் கேட்கப்படுகிறது. இதற்குத் தீர்வு உண்டா?

உண்டு. அந்தத் தீர்வுக்காகத்தான் இந்த மாற்றத்தை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன்.

ஒவ்வொரு செய்தியும் வழியில் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தடைப்பட்டியல் சோதனைக்கு, அதாவது தடை விதிக்கப்பட்ட ஆள், நாடு எதுவும் அதில் உண்டா என்ற சோதனைக்கு, உட்படுகிறது. மியன்மார் 2022 அக்டோபரிலிருந்து கறுப்புப் பணப் புழக்கத்தைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்.-இன் கறுப்புப் பட்டியலில் இருப்பதால், அந்நாட்டைக் குறிக்கும் சொற்கள் எங்கே தென்பட்டாலும் சோதனை மென்பொருள் நிறுத்திப் பார்க்கும். பழைய செய்தியில் உங்கள் கடையின் பெயர், அதன் கீழே ஜாலான் பர்மா, அதன் கீழே 10050 பினாங்கு என்று எல்லாம் ஒரே பத்தியாகக் கிடந்தபோது, பர்மா என்பது நாடா தெருவா என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. செய்தி வரிசையில் போய் நிற்கும். ஓர் அலுவலர் அதைத் திறந்து படித்து விடுவிக்கும் வரை உங்கள் பணமும் நிற்கும். ஜாலான் ரங்கூனில் இருப்பவர்களுக்கும் இதே தொல்லை நேரலாம்.

புதிய அமைப்பில் தெருப் பெயர் என்ற இடத்தில் ஜாலான் பர்மா, அஞ்சல் குறியீடு என்ற இடத்தில் 10050, நகரம் என்ற இடத்தில் ஜார்ஜ் டவுன், நாடு என்ற இடத்தில் மலேசியாவுக்குரிய எம்.ஒய். என்ற ஈரெழுத்துக் குறி என்று பிரித்து எழுதப்படும். நாட்டின் பெயரை நாட்டுக்குரிய இடத்தில் மட்டும் தேடும்படி சோதனையை அமைத்துக்கொள்ள வங்கிகளால் முடிகிறது. ஆனால் அனுப்புகிறவர் பிரித்து எழுதினால்தான் இந்தப் பயன் உங்களுக்குக் கிட்டும். ஆகையால் உங்கள் விலைப்பட்டியலின் அடியில் வங்கி விவரம் அச்சிடும் இடத்திலேயே முகவரியை மேற்சொன்னவாறு தலைப்பிட்டுப் பிரித்து அச்சிட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறவர் கண்ணில் படுவதை அப்படியே எடுத்து எழுதுவார்.

செந்தூல், தனியார் நிறுவன ஊழியர்: என் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் ஏ/எல் என்றும், பெயருக்குப் பின் அட் (@) குறியிட்டு மாற்றுப் பெயரும் உள்ளன. எதை எழுதுவது, எதை விடுவது?

வங்கிக் கணக்கில் உள்ளது உள்ளபடியே எழுதுங்கள். சாய்கோடு பழைய செய்தியிலும் அனுமதிக்கப்பட்ட குறிதான். அட் குறிக்குத்தான் அதில் இடமில்லாமல் இருந்தது. அதனால் சில வங்கிகள் அதை நீக்கின, சில வேறு குறியாக மாற்றின, பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பியது. புதிய செய்தியில் பெயர், முகவரி ஆகிய இடங்களில் அட் குறியும் ஏற்கப்படுகிறது. எழுத்துகள் மட்டும் இன்னமும் ரோமன் எழுத்துகளே. தமிழில் எழுத முடியாது.

பாயான் லெப்பாஸ், மென்பொறியாளர்: ஒவ்வொரு பணமாற்றுக்கும் தனியாக இடப்படும் யு.இ.டி.ஆர். என்ற தட எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு உண்மையில் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

பணம் இப்போது எந்த வங்கியில், எந்த நிலையில், எத்தனை மணியிலிருந்து இருக்கிறது என்பது வரை தெரிந்துகொள்ள முடியும். பணமாற்றின் தடத்தைக் காட்டும் சுவிஃப்ட் ஜி.பி.ஐ. என்ற சேவை 2017 ஜனவரியில் தொடங்கியது. 2018 நவம்பரிலிருந்து ஒவ்வொரு பணமாற்றுச் செய்தியிலும் இந்த எண் இருந்தே ஆகவேண்டும் என்ற விதி வந்தது. அனுப்பும் வங்கி ஒருமுறை இட்ட எண்ணை வழியில் எந்த வங்கியும் மாற்றக் கூடாது. முன்பெல்லாம் ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு குறிப்பெண்ணை இட்டுக்கொண்டதால், ஒரு டிடியைத் தேட வங்கி வங்கியாகக் கேட்டுச் செல்ல வேண்டியிருந்தது.

நிலைக் குறியீடுகளில் உங்களுக்குத் தேவையானவை சிலவே. ஏ.சி.சி.சி. என்றால் பெறுநரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. ஆர்.ஜே.சி.டி. என்றால் மறுக்கப்பட்டது. ஏ.சி.எஸ்.பி. என்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இதற்குத் துணையாக வரும் காரணக் குறியீட்டைக் கட்டாயம் கேளுங்கள். ஜி 001 என்றால் தடம் காட்டும் சேவையில் இல்லாத வங்கிக்குச் செய்தி சென்றுவிட்டது, அதற்கப்பால் தெரியாது. ஜி 003 என்றால் பெறுநரிடமிருந்து ஏதோ ஆவணத்துக்காக வங்கி காத்திருக்கிறது. ஜி 004 என்றால் செய்தி வந்துவிட்டது, அதற்குரிய நிதி இன்னும் வந்து சேரவில்லை. முகப்பில் இருப்பவர் நடவடிக்கையில் உள்ளது என்று மட்டும் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஜி 003 என்று தெரிந்தால் அந்த நிமிடமே பெறுநரைத் தம் வங்கிக்குப் போகச் சொல்லலாம்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியர்: திருச்சியில் உள்ள என் தங்கைக்குப் பணம் அனுப்பினேன். அங்குள்ள வங்கிக்கு அன்றே போய்விட்டது என்று தடம் காட்டுகிறது. மூன்றாம் நாள்தான் அவர் கையில் கிடைத்தது. இடையில் யார் வைத்திருந்தார்கள்?

பெறுநரின் வங்கிதான், ஐயா. உங்கள் ஐயத்துக்கு ஆதாரமே இருக்கிறது. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் குழு ஒன்று ஜி.பி.ஐ. தரவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், மிக வேகமான தடங்களில் இடைநிலை நேரம், அதாவது பாதிப் பணமாற்றுகள் முடிந்துவிடும் நேரம், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவும், மிக மெதுவான தடங்களில் இரண்டு நாளுக்கும் மேலாகவும் இருப்பதைக் கண்டது. அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி கடைசிக் கட்டத்தில், அதாவது செய்தி பெறுநரின் வங்கியை அடைந்ததற்கும் கணக்கில் வரவாவதற்கும் இடையில் விழுகிறது. அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு, அதற்கான ஆவணம், வங்கியின் வேலை நேரம் ஆகியவையே காரணங்கள்.

இந்தியாவுக்குள் வரும் பணம் எதற்காக வருகிறது என்பதை ரிசர்வ் வங்கி வகுத்த நோக்கக் குறியீட்டின்படி அங்குள்ள வங்கி பதிவு செய்ய வேண்டும். நீங்கள் நோக்கம் எழுதும் இடத்தில் வெறுமனே பணம் என்றோ சொந்தச் செலவு என்றோ எழுதினால், அலுவலர் உங்கள் தங்கையைத் தேடிப் பிடித்துக் கேட்கும் வரை அது நகராது. உடன்பிறந்தவருக்கு அன்பளிப்பு, மருத்துவச் செலவு என்று உறவையும் காரணத்தையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள், கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் பதினோரு எழுத்துகளையும் சரிபாருங்கள். இயன்றால் திங்கள் முதல் வியாழனுக்குள் அனுப்புங்கள்.

ஸ்ரீ பெட்டாலிங், தாயார் ஒருவர்: மான்செஸ்டரில் படிக்கும் மகனுக்குக் கல்விக் கட்டணம் சரியாக அனுப்பியும், குறைவாக வந்ததாகப் பல்கலைக்கழகம் சொல்கிறது.

நீங்கள் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையைத் தேர்ந்திருப்பீர்கள், அம்மா. அதில் வழியிலுள்ள வங்கிகள் தங்கள் கூலியை அனுப்பிய தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். முழுத் தொகையும் சேர வேண்டிய கல்விக் கட்டணம் போன்றவற்றுக்கு, எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இங்கே சற்றுக் கூடுதலாகச் செலவாகும். எந்த வங்கி எவ்வளவு கழித்தது என்பது செய்தியிலேயே பதிவாகும் என்பதால், அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

லெபோ பாசார், மசாலைப் பொருள் ஏற்றுமதியாளர்: புதிய வாடிக்கையாளர் எம்.டி. 103 நகலை மின்னஞ்சலில் அனுப்பி, சரக்கை ஏற்றச் சொல்கிறார். நம்பலாமா?

அந்தத் தாளை மட்டும் நம்பிச் சரக்கை விடாதீர்கள். எவரும் கணினியில் உருவாக்கிவிடக்கூடிய தாள் அது. யு.இ.டி.ஆர். எண்ணில் நான்கு கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து. எட்டு, நான்கு, நான்கு, நான்கு, பன்னிரண்டு என்று பிரிந்திருக்கும். மூன்றாம் பகுதி எப்போதும் 4 என்ற எண்ணில்தான் தொடங்கும். இவை பொருந்தவில்லையென்றால் போலி என்பது உறுதி. பொருந்தினாலும் உண்மை என்று ஆகிவிடாது, ஏனெனில் விவரம் தெரிந்தவன் அதையும் சரியாக எழுதிவிடுவான். அந்த எண்ணை உங்கள் வங்கியில் கொடுத்து, இந்தப் பணம் உங்களை நோக்கி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவு கணக்கில் ஏறிய பிறகு கப்பலைப் பற்றிப் பேசலாம்.

கம்போங் பாண்டான், வாசகர்: தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியுமா?

திரும்பக் கேட்கும் செய்தி உண்டு. கேம்ட் 056 என்று பெயர். வரவு வைக்கும் முன் அது போய்ச் சேர்ந்தால் நிறுத்திவிடலாம். வரவான பிறகு கணக்குக்காரரின் இசைவு வேண்டும். மோசடி என்று ஐயம் எழுந்தால் கிளை திறக்கும் வரை காத்திராமல் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-ஐயும் உங்கள் வங்கியின் அவசர எண்ணையும் அழையுங்கள்.

ஜெலுத்தோங், சிறுதொழில் நடத்துபவர்: 2026 நவம்பருக்குள் ஏதோ செய்தாக வேண்டுமாமே?

ஆம். பிரிக்கப்படாத முகவரியைத் தாங்கிய செய்திகள் அந்த மாதத்திலிருந்து ஏற்கப்படமாட்டா. குறைந்த அளவாக நகரமும் நாடும் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சியதை 70 எழுத்து கொண்ட இரண்டு வரிகளுக்குள் முன்போலவே எழுதிக்கொள்ளலாம். உங்கள் கணக்கு மென்பொருளில் வெளிநாட்டு வழங்குநர்களின் முகவரி ஒரே நீண்ட வரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலான சிறு நிறுவனங்களில் அப்படித்தான் இருக்கிறது. மாதந்தோறும் பணம் அனுப்பும் வழங்குநர்களை முதலில் எடுத்து நகரத்தையும் நாட்டையும் பிரித்துவிடுங்கள். வங்கியின் இணைய சேவையில் சேமித்து வைத்திருக்கும் பெறுநர் பட்டியலையும் திறந்து பாருங்கள், பழைய பதிவுகளில் நகரம் வெறுமையாக இருப்பது அங்கேதான் அதிகம்.