பேக்கார்டு: ஏழு விநாடி பொறுத்தால்

வணக்கம் சார்,

டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்த புதிதில், ஈஸ்ட் கிராண்ட் புலவார்டில் பாழடைந்து கிடந்த, பேக்கார்டு என்ற பழைய சொகுசுக் கார் கம்பெனியின் தொழிற்சாலையைத் தாண்டித்தான் நண்பர் வீட்டுக்குப் போவேன். 2024 கடைசியில் அதை இடித்து முடித்துவிட்டார்கள். எங்கள் ஆபீசில் ஒரு பெரியவர் 1956 பேக்கார்டு வைத்திருக்கிறார். “1935-ல் மலிவு கார் போட்டார்கள், அன்றைக்கே கம்பெனி செத்துவிட்டது” என்பது அவர் கட்சி. அது சரியா? அப்புறம், இல்லாமல் போன கம்பெனியின் காரை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்? எனக்குப் புரியவே இல்லை.

க., மிச்சிகன்

அன்புள்ள க.,

உங்கள் பெரியவர் சொல்வது ரொம்பப் பழைய வழக்கு. பேக்கார்டு பிரியர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். எனக்கு அதில் கால்வாசிதான் சம்மதம்.

அந்தப் பெயர் எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஹையோவின் வாரன் ஊரில் ஜேம்ஸ் பேக்கார்டு வின்டன் கார் ஒன்றை வாங்கி, அது படுத்திய பாடு தாங்காமல் அதைச் செய்த வின்டனிடமே போய்க் குறை சொல்லியிருக்கிறார். முடிந்தால் நீயே செய்துகொள் என்று பதில் வந்ததாம். செய்தார், 1899 நவம்பரில் முதல் வண்டி ஓடியது. 1903-ல் கம்பெனி டெட்ராய்டுக்குப் போனது. நீங்கள் பார்த்த அந்தக் கட்டடங்களை வரைந்தவர் ஆல்பர்ட் கான். 1921-ல் வாரன் ஹார்டிங் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்கப் போனது பன்னிரண்டு சிலிண்டர் பேக்கார்டில். பதவியேற்புக்குக் காரில் போன முதல் ஜனாதிபதி அவர்தான். விளம்பரத்தில் கம்பெனி தன்னைப் புகழ்ந்து நீட்டி முழக்குவதில்லை. “வைத்திருப்பவரைக் கேளுங்கள்” என்பதுதான் அவர்கள் வாசகம்.

இப்போது 1935-க்கு வருவோம். பொருளாதாரப் பெருமந்தம். பேக்கார்டு, பியர்லெஸ், பியர்ஸ்-ஆரோ என்ற மூன்று சொகுசுக் கார் கம்பெனிகளையும் சேர்த்து மூன்று ‘பி’ என்று சொல்வார்கள். பியர்லெஸ் 1931-ல் கார் செய்வதை நிறுத்தியது. கிளீவ்லாந்தில் இருந்த அதன் தொழிற்சாலையில் பிற்பாடு பீர் காய்ச்சினார்கள். கௌரவத்தை விடாமல் பெரிய கார்களையே கட்டிக்கொண்டிருந்த பியர்ஸ்-ஆரோ 1938-ல் ஏலத்துக்குப் போனது. அதே ரகத்து இன்னொரு கம்பெனியான டியூசன்பர்க்கின் கதை அதற்கு முந்தைய வருடமே முடிந்தது. பேக்கார்டு மட்டும் ஆயிரம் டாலர் சுமாருக்கு ‘ஒன் ட்வென்டி’ என்று ஒரு காரை இறக்கி, முதல் வருடத்திலேயே 25,000 வண்டிகளை விற்றது. 1937-ல் மொத்த உற்பத்தி ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த மலிவு கார் இல்லாவிட்டால் உங்கள் பெரியவர் கையில் 1956 பேக்கார்டு ஏது? இரண்டாம் உலகப் போரின்போது ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான இஞ்சினை உரிமம் வாங்கி 50,000-க்கும் மேல் செய்து கொடுத்ததும் அப்படிப் பிழைத்துக் கிடந்த கம்பெனிதான்.

கால்வாசி சம்மதம் என்றேனே, அது பெயர் விஷயத்தில். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொகுசுக் காரான காடிலாக்குக்குக் கீழே ஒரு காரைப் போட்டபோது அதற்கு லாசால் என்று வேறு பெயர் வைத்தது. பேக்கார்டு அதே முகப்பு, அதே பெயரோடு விற்றது. பெரிய காருக்கு மூன்று மடங்கு கொடுத்தவர் வயிறு எரிந்திருக்கும். 1956-ல்தான் கிளிப்பர் என்று தனி மார்க்காகப் பிரித்தார்கள். இருபது வருடம் தாமதம்.

என்னைக் கேட்டால், பேக்கார்டை முடித்தது பாடி. 1940 வாக்கில் கார் பாடி கட்டும் வேலையை பிரிக்ஸ் என்ற கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். அப்போதைக்குச் செலவு மிச்சம். 1953 முடிவில் கிரைஸ்லர் பிரிக்ஸை விலைக்கு வாங்கிவிட்டது. போட்டியாளன் வீட்டில் நம் பாடி! அவசர அவசரமாக கானர் அவென்யூவில் ஒரு சின்னத் தொழிற்சாலையை அந்தக் கிரைஸ்லரிடமிருந்தே வாடகைக்குப் பிடித்தார்கள். முழு உற்பத்தியையும் அதற்குள் திணித்தார்கள். புது வி-8 இஞ்சின் (எட்டு சிலிண்டரும் ‘V’ வடிவில் நிற்பது), புது சஸ்பென்ஷன், புது இடம், எல்லாம் 1955 மாடலில் ஒரே நேரத்தில். முடியுமா? வண்டிகள் தாமதமாக வந்தன, வந்தவற்றில் குறைகள்.

பணமும் இல்லை. காடிலாக் ஒரு பாடியின் தகடு அடிக்கும் அச்சுகளின் செலவை, அதே ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக், ஓல்ட்ஸ்மொபீலோடு பங்கு போட்டுக்கொள்ளும். தனிக் கம்பெனிக்குப் பங்காளி கிடையாது. காடிலாக் 1949-ல் புதுவகை வி-8 கொண்டுவந்தது; பேக்கார்டு 1954 வரை பழைய எட்டு சிலிண்டர் வரிசை இஞ்சினோடு ஓட்டியது. 1950-ல் காடிலாக் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது பேக்கார்டு 42,000 சுமார். தலைவர் ஜேம்ஸ் நான்ஸ் 1954-ல் ஸ்டூட்பேக்கர் என்ற இன்னொரு கார் கம்பெனியை வாங்கினார். கணக்கைக் கிண்டிப் பார்த்தால் அது தன்னைவிட மோசமான நோயாளி. 1956 ஜூன் 25-ல் டெட்ராய்டில் கடைசி பேக்கார்டு வெளியே வந்தது. அப்புறம் இரண்டு வருடம் ஸ்டூட்பேக்கர் பாடியில் பேக்கார்டு பட்டையை ஒட்டி விற்றார்கள். ‘பேக்கார்டுபேக்கர்’ என்று ஊரே கேலி செய்தது. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த சஸ்பென்ஷன்தான் பதில் என்று நினைக்கிறேன். சில வருடம் முன்பு ஒஹையோவில் ஒரு பழைய கார் கண்காட்சியில், ஒருவர் தன் 1955 பேக்கார்டின் டிக்கியில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. “பேசாமல் இருங்கள்” என்று விரலைக் காட்டினார். ஏழு விநாடி கழித்து அடியில் ஒரு மோட்டார் ‘ர்ர்ர்’ என்று முனகியது. என்னைச் சுமந்துகொண்டே வண்டி மெல்ல எழுந்து பழைய மட்டத்துக்கு வந்தது. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை போகும் நீண்ட எஃகுத் தண்டுகள்தான் அங்கே ஸ்பிரிங். முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த முறுக்கு பின் சக்கரத்துக்கும் போகும், வண்டி சாயாது. பாரம் ஏறினால் மட்டத்தைச் சரிசெய்ய அந்த மோட்டார். ரோட்டில் ஒவ்வொரு குலுங்கலுக்கும் அது ஓடக்கூடாது என்றுதான் ஏழு விநாடித் தாமதம். நான் இறங்கினேன். ஏழு விநாடி கழித்து மறுபடி ‘ர்ர்ர்’. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தை முதல்முறை நடந்ததைக் காட்டும் தகப்பன் மாதிரி.

அதே வண்டியின் வி-8-ல் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. கண்ணாடி வைப்பருக்கான வாக்குவம் பம்பை ஆயில் பம்போடு சேர்த்துவிட்டார்கள். அங்கே காற்று ஆயிலில் கலந்து, வால்வுகளைத் தள்ளும் டாப்பெட் ‘டக் டக்’ என்று அடிக்கும். கம்பெனி சரிசெய்வதற்குள் கம்பெனியே போய்விட்டது. இந்தப் பிரியர்கள்தான் வாக்குவத்தை அடைத்து, வேறு கம்பெனியின் பம்பைப் பொருத்திப் பார்த்து, எது சேரும் எது சேராது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். எழுபது வருடமாக வாரன்டி வேலை! கம்பெனி போனதும் பொறுப்பு இவர்கள் தலையில் விழுந்துவிட்டது, இவர்களும் அதைச் சந்தோஷமாகச் சுமக்கிறார்கள்.

சண்டைக்கும் குறைவில்லை. பானட் நுனியில் நிற்கும் அந்தப் பறவை கூழைக்கடாவா, நீர்க்காகமா என்பது தீராத வழக்கு. பேக்கார்டு குடும்பச் சின்னத்தில் இருப்பது கூழைக்கடா. கம்பெனி ஒரு காலத்தில் நீர்க்காகம் என்றது. கழுத்தைப் பார்த்தால் எனக்குக் கூழைக்கடாவாகத் தெரியவில்லை. இதை ஒஹையோவின் டேட்டனில், பழைய பேக்கார்டு ஷோரூமிலேயே நடக்கும் மியூசியத்தில் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

பெரியவரிடம் 1935 பற்றி வாதாட வேண்டாம். அவர் பம்பை மாற்றிவிட்டாரா, எந்தப் பம்ப் என்று கேளுங்கள். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். டிக்கியில் உட்காரவும் சொல்வார், உட்காருங்கள்.