ஆட்டோ குலுக்கல்ல அப்பாவோட பேஸ்மேக்கர் குழம்புதா?

சகோ, அப்பாவுக்கு மைக்ரா ஏவின்னு வயர் இல்லாத பேஸ்மேக்கர் (இதயத்த சீரா துடிக்க வைக்குற கருவி) வெச்சிருக்கு, ஷேர் ஆட்டோல வந்தா துடிப்பு 60லேர்ந்து 90க்கு ஏறுது, கெட்டுப்போச்சான்னு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க, பெரும்பாலும் அது உள்ள இருக்குற அசைவு சென்சார் வேலைதான்.

கேப்சூல் மாதிரி இருக்குற அந்த பேஸ்மேக்கர் ரெண்டு கிராம் கூட இருக்காது, இதயத்தோட வலது கீழறைக்குள்ள உக்காந்திருக்கு, மேலறைக்கு வயர் போகாததால அங்க வர்ற மின்சிக்னல நேரா பாக்க முடியாது, அதனால மேலறை சுருங்கி ரத்தத்த கீழ தள்ளுறப்போ வர்ற சின்ன அசைவ, செல்போன திருப்புனா ஸ்கிரீனும் திரும்புதே அதே மாதிரி சென்சார் வெச்சு புடிச்சு, கொஞ்சம் விட்டு கீழறைய துடிக்க வைக்குது. எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்! 2020 ஜனவரில அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிய சரிபாக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ இதுக்கு அனுமதி குடுத்துச்சு.

அதே சென்சார்தான் ஆள் நடக்குறாரான்னும் பாத்து வேகத்த கூட்டுது. குலுக்கலயும் நடைன்னு எடுத்துக்கலாம். எங்கம்மாவுக்கு வயர் வெச்ச பழைய மாடல், அதுலயும் அசைவு சென்சார் உண்டு. வியாசர்பாடிலேர்ந்து பெரம்பூர் போறப்போ மணிக்கட்ட புடிச்சே வந்தேன், பள்ளத்துல ஏறி இறங்க இறங்க நாடி வேகமாச்சு, வீட்டுக்கு வந்து உக்காந்ததும் அடங்கிடுச்சு.

எப்ப ஏறுது, எவ்ளோ நேரம் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி அடுத்த செக்கப்ல காட்டுங்க, கம்ப்யூட்டர் வெச்சு வெளியிலேர்ந்தே செட்டிங் மாத்துவாங்க. ஆனா தலைசுத்தல், மயக்கம், நெஞ்சுவலி, சும்மா உக்காந்திருக்கும்போதே ஏறுறது இருந்தா காத்திருக்காதீங்க, உடனே 108 கூப்பிடுங்க.