மார்ஃபின் பாட்டிலைத் திறக்கப் பயம்

கேள்வி: என் 7 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு வலிக்காகப் போன வாரம் மார்ஃபின் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். அடிமையாகிவிடுவானோ என்று பயந்து இன்னும் திறக்கவில்லை. கேட்டால் ‘வலிக்கலை’ என்கிறான். ஆனால் அசையாமல் படுத்தே கிடக்கிறான்.

பதில்: அந்த அசையாமல் கிடப்பதுதான் வலி. அசைந்தால் உயிர் போகும் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். சட்டை மாற்றும்போது முகத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும். வலி என்று சொன்னால் ஊசி போடுவார்கள், அம்மா அழுவாள் என்று மறைக்கும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடுமையான வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் மார்ஃபின் எடுக்கும் குழந்தை போதைக்கு அடிமையாவது மிக அரிது. நாளடைவில் உடம்பு மருந்துக்குப் பழகும், அது வேறு விஷயம். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான். மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம் என்பதும் தவறு. முன்பெல்லாம் பாராசிட்டமாலுக்கும் மார்ஃபினுக்கும் நடுவில் கோடீன் என்ற வலி மருந்தைக் கொடுப்போம். சில குழந்தைகளின் உடலில் அது வேலையே செய்யாது, சிலருக்கு ஆபத்தான அளவுக்கு மார்ஃபினாக மாறிவிடும். அதனால் உலக சுகாதார நிறுவனம் 2012-ல் குழந்தைகளுக்கு அந்தப் படியையே எடுத்துவிட்டது. பாராசிட்டமால் போதாவிட்டால் அடுத்தது மார்ஃபின்தான்.

எழுதிக் கொடுத்து ஒரு வாரமாகிவிட்டதால், இன்றே மருத்துவருக்கு போன் செய்து அளவை உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாதாரண சிரப் என்றால் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை இருக்கும், கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். இடையில் வலி கிளம்பினால் எவ்வளவு தரலாம் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், முதல் நாளே அதற்கும் மருந்து கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் நிறையத் தூங்குவான். வலியில் தூங்காத தூக்கமும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மிக மெதுவானால், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீட்டில் இருக்கிறதே என்று ஐபுபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், தட்டணுக்கள் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) குறைந்த பிள்ளைக்கு ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமாலுக்கு முன் காய்ச்சல் பாருங்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். அப்புறம், சிரப்பை ஸ்பூனில் ஊற்றாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். எத்தனை மில்லி என்று மருந்தாளுநரைக் கேட்டு அந்தச் சிரிஞ்சிலேயே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.