பழைய எஸ்-கிளாஸ் வாங்கலாமா?
2003ஆம் ஆண்டு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் மலிவாகக் கிடைப்பதாகவும், காலையில் அதன் முன்பக்கம் ஒருபுறம் தாழ்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தாழ்வை அருள்கூர்ந்து அலட்சியப்படுத்தாதீர்கள். 1998இல் அறிமுகமான அந்தத் தலைமுறையின் பெரும்பாலான கார்களில் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பையே எடையைத் தாங்குகிறது. அதன் ரப்பர் வெடிப்புவிட்டுக் காற்று கசியத் தொடங்கினால், அதை ஈடுகட்ட அடிக்கடி ஓடும் கம்ப்ரசரும் (பைக்குள் காற்றை நிரப்பும் கருவி) நாளடைவில் பழுதாகி, ஒரு செலவு இரண்டாகிவிடும். காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. என்ஜினைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. விற்பவர் சம்மதித்தால், வண்டியைச் சமதளத்தில் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். சர்வீஸ் பதிவேடும் இல்லையென்றால், மனம் எவ்வளவு விரும்பினாலும் இந்தக் காரை விட்டுவிடுங்கள்.