டாக்டர், முதலில் அந்த ரீல்ஸை எடுத்துவிடுங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் ஆறு மாதமாக நாய், பூனைகளுக்கான கிளினிக் நடத்துகிறேன். இன்ஸ்டாகிராமை என் அக்கா மகன் பார்த்துக்கொள்கிறான். பார்வோ (நாய்க்குட்டிகளைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய்) வந்து பிழைத்த ஒரு குட்டியை வைத்து, சினிமாப் பாட்டோடு ரீல்ஸ் போட்டான். 'மாவட்டத்தின் நம்பர் 1 டாக்டர்' என்று தலைப்பு வேறு. இரண்டே நாளில் பாட்டுச் சத்தம் போய்விட்டது. குட்டியை வளர்ப்பவர் "யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?" என்று சண்டைக்கு வந்ததோடு கூகுளில் ஒற்றை நட்சத்திரமும் கொடுத்துவிட்டார். அதை ஈடுகட்ட, ஐந்து நட்சத்திரம் தருகிறவர்களுக்குத் தடுப்பூசியில் 10 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்கிறான். செய்யலாமா?

பதில்: வேண்டாம் டாக்டர். ரிவ்யூவுக்காகக் காசோ சலுகையோ கொடுப்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. கிளினிக் பையன்களை விட்டு எழுதச் சொல்வதும் அதே தப்புதான். பில் போடும்போது "நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுதுங்கள்" என்று கேட்கலாம். சிரித்த முகத்தோடு போகிறவரிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

பாட்டு போனதற்குக் காரணம் எளிது. சினிமாப் பாட்டை வியாபார நோக்கத்துக்குப் பயன்படுத்தத் தனி உரிமை வேண்டும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் இதற்கென்றே இலவச இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது. கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், என்ன செய்ய.

'நம்பர் 1' சமாச்சாரம்தான் எனக்குக் கவலை. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்கீழ், கால்நடை மருத்துவர்களுக்கென்று 1992-ல் நடத்தை விதிகள் வந்தன. விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதை அவை ஒழுங்கீனமாகவே பார்க்கின்றன. கிளினிக் திறந்தது, முகவரி மாறியது, சில நாள் ஊரில் இல்லாதது போன்றவற்றை அறிவிக்கலாம். இன்ஸ்டாகிராம் வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதியவைதான். ஆனாலும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் யாராவது புகார் கொடுத்தால் மருமகனை யாரும் கூப்பிடப் போவதில்லை. பதிவு எண் உங்களுடையது.

அந்தக் குட்டி விஷயத்துக்கு வருவோம். அவர் கோபம் நியாயமானது. குட்டியின் கழுத்துப் பட்டையில் ஃபோன் நம்பர் தொங்கும். பின்னால் மேஜையில் பெயர், தெரு எழுதிய கேஸ் ஷீட் கிடக்கும். டிரிப்ஸ் ஏறும்போது ஓரத்தில் அவர் மனைவி அழுதுகொண்டிருப்பார். எடுப்பவன் கண் குட்டி மேல் மட்டுமே இருக்கும். வளர்ப்பவர் கண்ணுக்கு மற்றதெல்லாம் தெரியும். பதிவுத் தாளிலேயே 'படம், வீடியோ வெளியிடச் சம்மதம்: ஆம் / இல்லை' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். குட்டி உயிருக்குப் போராடும் நேரத்தில் கேட்காதீர்கள். அப்போது எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள்.

ரீல்ஸை எடுத்துவிட்டு அவரிடம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். அவர் ரிவ்யூவை நீக்கினாலும் நீக்காவிட்டாலும், அதன் கீழே "மூன்று நாள் வாந்தியோடு வைத்திருந்துவிட்டுத் தாமதமாகக் கொண்டுவந்தவர் நீங்கள்தானே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் வீட்டுக் குட்டியின் சிகிச்சை விவரத்தை ஊருக்குச் சொன்ன டாக்டர் என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். "உங்கள் அனுமதி கேட்காதது எங்கள் தவறு. வீடியோவை நீக்கிவிட்டோம்" போதும்.

இன்னொன்று. கமென்டில் "பூனைக்குக் காய்ச்சல், என்ன தரலாம்?" என்று கேட்டால் மருந்தும் அளவும் எழுத வேண்டாம், நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுங்கள். அது விளம்பரமே இல்லை.

அப்படியான விஷயம் உங்களிடம் நிறைய இருக்குமே. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், சோப்புக்கு அசையாது, பிளீச் கரைசல் வேண்டும். குட்டிக்கு முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வார வயது வரை. ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு வந்து நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதை வெள்ளைக் கோட்டோடு நின்று ஒரு நிமிடம் பேசுங்கள், மருமகன் கேமரா பிடிக்கட்டும். எடுப்பதற்கு முன் மேஜையிலிருக்கும் கேஸ் ஷீட்டை அவனே கவிழ்த்து வைக்கட்டும்.